ஞாயிறும் ஞாயிற்றுக்கிழமையும்

டாக்டரைக் கண்டவுடன் எல்லோருக்கும் வயிற்றுவலி ஞாபகம் வரும். வக்கீலைக் கண்டவுடன் பங்காளி வழக்கு ஞாபகம் வரும். கணக்கு உபாத்தியாயரைக் கண்டாலோ, சரிபார்க்க வேண்டிய கணக்கு ஒன்று யாருக்காவது ஞாபகம் வந்தே தீரும். இருபது வருஷமாக ஹைஸ்கூலில் கணிதமும் பௌதிகமும் போதித்து வரும் எனக்கு உள்ளூரில் இது பழகிப்போன விஷயந்தான். ஆனால் ஐயாயிரம் மைல்களுக்கு அப்பால், அதுவும் ஒரு மாதா கோயில் கூரையைப் பற்றிய கணக்கு எனக்காகக் காத்திருக்கும் என்று நான் சொப்பனத்திலும் எண்ணியதில்லை.

என் தம்பி இங்கிலாந்தில் கிளாஸ்டர் நகரத்துக்குச் சமீபத்தில் ஒரு சிறு கிராமத்தில் குடியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்தியோகம். "அண்ணா, ஒரு தடவையாவது வந்துவிட்டுப் போங்கள்" என்று வருஷந்தோறும் சொல்லிக்கொண்டிருந்தான். 2024-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் போனேன். மே மாதக் கடைசியில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது சூரியன் ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தால், நம்மைப் போன்றவர்களுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் கையில் ஒரு கேக்கும் கக்கத்தில் ஒரு காகிதக் கட்டுமாக வந்து சேர்ந்தார். எண்பது வயது. முன்பு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர். இப்போது அந்த ஊர்க் கோயிலின் பொக்கிஷதார். "தாங்கள் விஞ்ஞானம் போதிக்கிறவர் என்று தங்கள் தம்பி சொன்னார். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்" என்றார். கேக்கு எனக்கு வந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

காகிதம் வேறொன்றுமில்லை. கோயிலின் ஈயக் கூரைமீது சூரிய மின் தகடுகள் முப்பது வைப்பதற்கு ஒரு கம்பெனி கொடுத்திருந்த மதிப்பீடு. சாரம் கட்டுவது உட்பட மொத்தம் 24,000 பவுன். ஒன்பது வருஷத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும் என்று கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது.

ஒரு கிராமத்துக் கோயிலுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சுமார் 16,000 கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசிக்கு மேல் புராதனக் கட்டிடங்கள் என்று சர்க்கார் ஜாபிதாவில் ஏறியவை. தங்கள் கட்டிடங்களிலிருந்து வெளிப்படும் கரியமில வாயுவை 2030-ஆம் வருஷத்துக்குள் நிகரத்தில் பூஜ்யமாக்கிவிட வேண்டும் என்று அத்திருச்சபையின் பொது மன்றம் 2020 பிப்ரவரியில் தீர்மானம் செய்தது. தீர்மானம் செய்வது மன்றத்தின் காரியம். பில் கட்டுவது அந்தந்த ஊர்க்காரர்களின் காரியம். ஒழுகும் கூரையையும் விரிந்த சுவரையும் அந்தந்த ஊர்ச் சபையேதான் பழுது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டு ஏற்பாடு.

அன்று மாலையே அந்த அம்மாள் என்னைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். கல்லறைகளுக்கு நடுவே பாசி படர்ந்த கற்கட்டிடம். மேற்கே சதுரமான கோபுரம். உள்ளே பீடம் கிழக்கே. அந்த நாட்டுப் பழைய கோயில்கள் பெரும்பாலும் இப்படிக் கிழக்கு மேற்காகவே கட்டப்பட்டவை. ஆகையால் கூரையின் ஒரு சரிவு முழுவதும் தெற்கு நோக்கியிருக்கிறது. வடதேசத்தில் சூரியன் தென் வானத்திலேதான் சஞ்சரிக்கிறான். சில நூற்றாண்டுகளுக்கு முன் அந்தக் கூரையை வேய்ந்த கொத்தனார்கள் மின்சாரத்தை அறியமாட்டார்கள். ஆயினும் இன்றைக்குத் தகடு வைப்பதற்கு அவர்களைவிடப் பொருத்தமாக யாரும் இடம் அமைத்துக் கொடுத்திருக்க முடியாது. அதற்குமேல், சரிவின் அடியில் மார்பளவுக் கைப்பிடிச் சுவர் வேறு. கீழே நிற்பவன் கண்ணுக்குக் கூரையே தெரியாது.

மறுநாள் தம்பி எங்களைக் கிளாஸ்டர் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனான். 1089-இல் கட்டத் தொடங்கிய மகத்தான ஆலயம் அது. 2016-இல் அதன் கூரையில் 150 தகடுகள் வைத்தார்கள். மின்சாரச் செலவில் கால் பங்கு குறையும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நாங்கள் கோயிலைத் தென்புறமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. தம்பியின் ஒன்பது வயதுப் பெண், "பெரியப்பா, ஒண்ணுமே தெரியல்லியே! இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டாள். தெரியாமல் இருப்பதுதான் அதன் சாமர்த்தியம் என்று குழந்தைக்கு எடுத்துச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் காலேஜ் தேவாலயத்தின் ஈயக் கூரையைப் புதுப்பித்தபோது, அதன்மேல் தகடுகள் வைக்க நினைத்தார்கள். புராதனக் கட்டிடங்களைப் பற்றிச் சர்க்காருக்கு யோசனை சொல்லும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஸ்தாபனம், தோற்றம் கெட்டுப் போகும் என்று ஆட்சேபித்தது. நகர சபைக் கமிட்டி 2023 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. இரு கட்சியிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. ஐந்நூறு வருஷத்து அழகைக் காப்பவன் மூடனும் அல்ல. ஐம்பது வருஷத்துக்குப் பின்னால் வரும் வெப்பத்தைக் குறித்துக் கவலைப்படுகிறவன் கலை உணர்ச்சி அற்றவனும் அல்ல.

கிராமக் கோயிலுக்கோ அனுமதி என்பதே ஒரு தனிப் புராணம். முதலில் திருமண்டலத்து ஆலோசனைக் குழுவின் அபிப்பிராயம் பெற வேண்டும். இருபத்தெட்டு நாள் கோயில் கதவில் விளம்பரம் ஒட்டி, யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். பிறகு திருமண்டலத்துக்கென்று உள்ள நீதிபதியிடம் விண்ணப்பம். கூரையின் ஈயத்தில் ஆணி அடித்துத் துவாரம் செய்யக் கூடாது. பழைய உத்தரங்கள் அந்தக் கனத்தையும் காற்றின் வேகத்தையும் தாங்குமா என்று இஞ்சினீயர் ஒருவர் பார்த்து எழுதித் தர வேண்டும். இவ்வளவும் போதாதென்று, கூரைக்கடியில் வௌவால் குடியிருந்தால் அதற்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அதைத் தொந்தரவு செய்யும் வேலை எதுவும் ஆகாது. "எங்கள் கமிட்டியில் பதினோரு பேர். வௌவால்களைச் சேர்க்காமல்!" என்றார் அந்த அம்மாள்.

பணத்துக்கு என்ன வழி என்று விசாரித்தேன். தகட்டிலிருந்து உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று 2010 முதல் அந்த நாட்டில் இருந்தது. 2019 மார்ச்சோடு புது மனுக்களை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பிக்குள் அனுப்பினால் மட்டும் ஏதோ விலை கிடைக்கும். கரியமில வாயுவைக் குறைக்கும் வேலைக்கென்று திருச்சபை ஒன்பது வருஷத்துக்கு 190 மில்லியன் பவுன் ஒதுக்கியிருக்கிறது. அதைப் பதினாறாயிரம் கோயில்களோடும் பிஷப் மாளிகை, பள்ளிக்கூடம் முதலியவற்றோடும் பங்கிட்டுப் பார்த்தால், ஒரு கிராமத்துக்கு என்ன வரும் என்பது நேயர்களுக்கே விளங்கும். நல்ல செய்தி ஒன்று: தர்ம காரியங்களுக்கான கட்டிடங்களில் தகடு வைப்பதற்கு 2024 பிப்ரவரி முதல் 2027 மார்ச் முடிய மதிப்புக் கூட்டு வரி கிடையாது. இல்லாவிட்டால் இன்னும் 4,800 பவுன் சேர்ந்திருக்கும்.

மற்றது ஊரார் வசூல். ஜாம் விற்றார்கள், கேக்கு விற்றார்கள், பழைய புஸ்தகங்களை விற்றார்கள். ஒரு தகட்டுக்கு இவ்வளவு என்று விலை வைத்து, ஆளுக்கு ஒரு தகட்டை ஏற்கும்படி கேட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்க் கோயிலில் யாராவது ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தால், 'உபயம்: இன்னார், இன்னாரின் குமாரர்' என்று அந்த விளக்கின்மேலேயே பெரிதாக எழுதிவிடுவார்கள். எழுத்துப் போக மீதி வெளிச்சந்தான் சுவாமிக்கு. சூரியத் தகட்டில் அந்த வித்தை பலிக்காது. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே போதும். ஒரே வரிசையில் கோத்த மற்றத் தகடுகளின் மின்சாரமும் குறைந்துபோகும். ஒருவர் பேரைப் பொறித்தால் அடுத்தவர் உபயமும் கெடும்! நான் சொன்னதைக் கேட்டு அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர்கள் கொடையாளர் பெயர்களைக் கோயிலுக்குள் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த நோட்டின் முதற் பக்கத்தில் பெயரில்லாமல் ஒரு வரி இருந்தது: 6,000 பவுன். யார் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை. பிறகு தம்பிதான் சொன்னான். அவருடைய புருஷர் காலமாகும்போது வைத்துவிட்டுப் போன பணம் அது. வீட்டு ஜன்னல்களை மாற்றுவதற்காக எடுத்து வைத்திருந்தாராம்.

அன்றிரவு கணக்கைப் போட உட்கார்ந்தேன். இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு கிலோவாட் தகடு வருஷத்துக்கு 900 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும். முப்பது தகடும் சேர்ந்து 12 கிலோவாட். ஆகவே 11,000 யூனிட். இதுவரையில் கம்பெனியின் கணக்குச் சரிதான். அந்த 11,000 யூனிட்டையும், கடையில் வாங்கும் விலையான 25 பென்ஸால் பெருக்கியிருந்தார்கள். வருஷத்துக்கு 2,750 பவுன். ஒன்பது வருஷத்தில் முதல் திரும்பிவிட்டது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெருக்கலில் பிழை இல்லை. எதை எதனால் பெருக்குவது என்பதில்தான் பிழை. 25 பென்ஸ் மிச்சமாக வேண்டுமானால், வெயில் அடிக்கும் அதே நேரத்தில் கோயில் அந்த மின்சாரத்தைச் செலவழிக்க வேண்டும். கோயில் திறப்பதோ ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம். மற்ற ஆறு நாளும் சூரியன் கூரைமேல் காய்வான். உள்ளே ஒரு விளக்கும் எரியாது. கோயிலின் செலவில் பெரும் பகுதி குளிர்காலத்தில் சூடேற்றுவதற்கு. அந்தக் கொதிகலனோ எண்ணெயில் ஓடுவது. அதற்கும் தகட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதை மாற்றி மின்சாரச் சூடு வைத்தாலும், டிசம்பரில் தகடு கொடுப்பது ஜூனில் கொடுப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பாட்டரி பகல் வெயிலை இரவுக்குக் காப்பாற்றிக் கொடுக்கும். ஜூன் மாதத்து வெயிலை டிசம்பருக்குக் கொண்டு சேர்க்காது.

நான் பார்த்த அளவில் 600 யூனிட்டுக்கு மேல் கோயிலுக்கு உபயோகமாகாது. மீதியெல்லாம் கம்பி வழியே வெளியே போக வேண்டியதுதான். அதற்கு யூனிட்டுக்குப் பத்துப் பென்ஸ் என்று தாராளமாக வைத்தாலும் வருஷ வருமானம் 1,200 பவுனை எட்டவில்லை. போட்ட பணம் திரும்ப இருபது வருஷம். இடையில் இன்வெர்ட்டரை ஒரு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

இதைச் சொல்வதா, வேண்டாமா? நான் அந்நியன், விருந்தாளி. மூன்று வாரத்தில் விமானம் ஏறிவிடுவேன். தம்பியோ அங்கே காலமெல்லாம் குடியிருக்க வேண்டியவன். "எங்கிருந்தோ வந்து எங்கள் காரியத்தைக் கெடுத்தான்" என்ற பேச்சு எதற்கு என்று ஒரு மனம் சொல்லிற்று. நோட்டின் முதல் வரியை நினைத்துக்கொண்டேன். வகுப்பில் தப்புக் கணக்குக்குச் சரி போட்டுக் கொடுத்தால், பையன் அன்றைக்குச் சந்தோஷப்படுவான், பரீட்சையில் அழுவான்.

மறுநாள் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் என் காகிதத்தை நிதானமாக இரண்டு தடவை படித்தார். முகம் சற்று வெளுத்தது. கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "ஒன்பது வருஷமானாலும் இருபது வருஷமானாலும் அந்த லாபத்தைப் பார்க்க நான் இருக்கப் போவதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பதினாலு பேர் வருகிறோம். இருபது வருஷம் கழித்து இந்தக் கதவைத் திறக்க யாராவது இருப்பார்களா? அதுதான் எனக்குத் தூக்கம் வராத கணக்கு" என்றார்.

நான் என்ன பதில் சொல்வேன்? அந்த நாட்டில் வருஷந்தோறும் சில கோயில்கள் ஜனங்கள் வராமல் மூடப்படுகின்றன. ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, எங்கள் மொழியில் சூரியனுக்கும் அவன் பேரால் வழங்கும் கிழமைக்கும் ஞாயிறு என்ற ஒரே பெயர்தான் என்றேன். "எங்கள் பாஷையிலும் அப்படித்தானே!" என்றார். "ஆனால் சூரியன் ஏழு நாளும் வருகிறான். தங்கள் கோயில்தான் அவன் பேருள்ள கிழமையில் மட்டும் திறக்கிறது" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் சபைக் கூட்டம். என்னையும் அழைத்தார்கள். என் கணக்கைப் பாதிரியாரே எல்லோருக்கும் வாசித்தார். ஒரு தர்மகர்த்தாவுக்குக் கடுங்கோபம். "லாபத்துக்காகவா கோயில் வைத்திருக்கிறோம்? இந்த மணிகளை வாங்கினவர் எத்தனை வருஷத்தில் முதல் திரும்பும் என்று கேட்டாரா?" என்றார். நல்ல கேள்வி. என்னால் மறுக்க முடியவில்லை. அப்போது அந்த அம்மாள் எழுந்தார். ஊரில் தபாலாபீஸ் மூடிவிட்டது. கிழவர்கள் பென்ஷன் வாங்க ஏழு மைல் போகிறார்கள். தாய்மார்கள் குழந்தைகளோடு உட்கார ஓர் இடமில்லை. வாரத்தில் மூன்று பகல் கோயிலைத் திறந்து வைத்து, இதற்கெல்லாம் இடம் கொடுத்தால் என்ன? வெயிலுக்கும் வேலை கிடைக்கும். கதவுக்கும் வேலை கிடைக்கும். தகடு முப்பது வேண்டாம், பதினாறு போதும். "தகடு கோயிலைக் காப்பாற்றும் என்று நினைத்து என் பணத்தைக் கொடுத்தேன். அது தப்பு. நாம் கோயிலுக்கு வந்தால்தான் தகட்டுக்கே பிரயோஜனம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் எந்த முடிவும் செய்யாமல் கலைந்தது. கூட்டங்களின் இயல்பு எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான். நானும் ஊர் திரும்பினேன்.

டிசம்பரில் கடிதம் வந்தது. கதவில் விளம்பரம் ஒட்டி இருபத்தெட்டு நாளும் கழிந்ததாம். வௌவால்கள் உட்பட யாரும் ஆட்சேபிக்கவில்லையாம். தகடு வருவதற்கு முன்னமே புதன்கிழமைகளில் கோயிலைத் திறக்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் புதனன்று நாலு பேர். மூன்றாம் புதனன்று இருபத்திரண்டு பேர். கோபித்துக்கொண்ட தர்மகர்த்தாதான் சூப்புக் காய்ச்சுகிறார். 'உள்ளே இன்னமும் குளிர்தான். மேல்சட்டையைக் கழற்றாமலே சாப்பிடுகிறோம்' என்று எழுதியிருந்தார். பெஞ்சுக்கடியில் வைக்கும் மின்சார அடுப்புகளுக்கு இனிமேல்தான் வசூலாம். ஜாம் மறுபடியும் கொதிக்கிறது.

அடுத்த கோடையில் தம்பி பெண் ஒரு படம் அனுப்பினாள். பதினாறு தகடும் வைத்தாயிற்று என்று எழுதி, கோயிலுக்கு முன்னால் நின்று ஒரு விரலால் மேலே சுட்டிக் காட்டியிருந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வழக்கம்போல ஒரு தகடும் தெரியவில்லை. தெரிந்தது கோயில் கதவு. அகலத் திறந்திருந்தது. வாசலில் இரண்டு குழந்தை வண்டிகளும் ஒரு கைத்தடியும் இருந்தன. படத்தின் மூலையில் தேதி போட்டிருந்தது. காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். அன்று புதன்கிழமை.